வயிற்றோட்டத்துக்கு நாங்களே குளிசை வாங்கலாமா?



மாரி தொடங்கிவிட்டது. இனித் தை வரைக்கும் வகுப்பில் வராத பிள்ளைகள் கூடும். விசாரித்தால் பல வீடுகளில் ஒரே பதில்தான்: "வயித்தால போச்சு சேர், பாமசில சொல்லி நாலு குளிசை வாங்கிக் குடுத்தம்." அந்த நாலு குளிசை பெரும்பாலும் அன்டிபயோடிக். இப்போது இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது. குடலுக்கு நல்ல பக்டீரியா என்று போனில் வரும் விளம்பரத்தைப் பார்த்து விலை கூடிய புரோபயோடிக் வாங்குகிறோம். இரண்டைப் பற்றியும் ஆசிரியர்களாகிய நாங்கள் கொஞ்சம் பேச வேண்டியிருக்கிறது.

குடலை வயல் மாதிரி நினையுங்கள். நெல் நெருங்கி நின்றால் களைக்கு இடமில்லை. மருந்தடித்து நெல்லையும் சேர்த்துக் கருக்கினால் முதலில் தலைகாட்டுவது களைதான். அன்டிபயோடிக் நல்ல பக்டீரியாவையும் அழிக்கும். அதைக் குடித்ததாலேயே வயிற்றோட்டம் வருகிறவர்களும் உண்டு. சிறுபிள்ளைகளின் வயிற்றோட்டத்தில் பெரும்பகுதி வைரஸால் வருவது. அதை எந்த அன்டிபயோடிக்கும் தொடாது. இரண்டு நாளில் பிள்ளை சுகமானால் குளிசைக்குப் பெயர் கிடைக்கிறது. உண்மையில் அது தானாகவே நிற்கவிருந்த வயிற்றோட்டம்.

சரி, புரோபயோடிக்? 2018 இல் அமெரிக்காவிலும் கனடாவிலும் வயிற்றோட்டத்தோடு வந்த பிள்ளைகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். ஒவ்வொரு ஆய்விலும் எண்ணூறுக்கு மேற்பட்ட பிள்ளைகள். கொடுத்தவர்களுக்கும் கொடுக்காதவர்களுக்கும் வித்தியாசமே இல்லை. ஆனால் அதற்கு முந்தைய வருடம் ஒடிசாக் கிராமங்களில் 4,500க்கு மேற்பட்ட பச்சைப் பிள்ளைகளிடம் செய்த ஆய்வில் வேறு முடிவு வந்தது. ஒருவகை லக்டோபசிலஸை ஏழு நாள் கொடுத்ததில், கிருமித்தொற்றும் சாவும் நூற்றுக்கு ஒன்பதிலிருந்து ஐந்தரை அளவுக்குக் குறைந்தது. பெரிய விஷயம்தான். ஆனால் அது தேர்ந்தெடுத்த ஒரு கிருமி, அளந்த அளவு, மருத்துவர்களின் கண்காணிப்பு. இதை வாசித்துவிட்டுப் பச்சைப் பிள்ளையின் வாயில் யாரும் தயிரைத் தடவிவிடாதீர்கள். ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும்.

வளர்ந்த பிள்ளைகளுக்கு எங்கள் எருமைத் தயிரும் பழஞ்சோறும் நல்ல சாப்பாடு, தாராளமாகக் கொடுங்கள். (எருமை கட்டுகிறவர்கள் குறைந்துபோனது வேறு கதை.) பாலை நன்றாகக் காய்ச்சித்தான் உறை குத்த வேண்டும். ஆனால் வயிற்றோட்டத்துக்குத் தயிர் மருந்தாகாது. அதில் பிள்ளையைக் கொல்வது நீரும் உப்பும் வெளியேறுவது.

1990 இல் புத்தளத்துக்குப் போனவர்களுக்கும் 2009 இல் மனிக்பாமில் இருந்தவர்களுக்கும் முகாமில் வயிற்றோட்டம் என்றால் என்னவென்று சொல்லித்தரத் தேவையில்லை. 1971 இல் வங்காள அகதிகள் தங்கியிருந்த பங்காவ் முகாமில் கொலரா வந்தபோது சேலைன் போத்தல் தீர்ந்துவிட்டது. டாக்டர் திலீப் மஹலனபிஸ் குளுக்கோஸ், உப்பு, அப்பச்சோடா கரைத்த தண்ணீரைக் குடிக்கக் கொடுத்தார். நூற்றுக்கு முப்பது அளவில் இருந்த சாவு நாலுக்குக் கீழே இறங்கியது. எங்கள் ஜீவனி பக்கட்டும் அதே வழியில் வந்ததுதான். கொதித்தாறிய ஒரு லீற்றர் தண்ணீரில் முழுப் பக்கட்டையும் கரையுங்கள், பாதி போட வேண்டாம். மலத்தில் இரத்தம், கண் குழி விழுதல், சிறுநீர் போகாமை, இதில் ஒன்று தெரிந்தாலும் உடனே ஆஸ்பத்திரி. அன்டிபயோடிக் தேவையா என்று அங்கே மருத்துவர் சொல்லட்டும். சொன்னால், சொன்ன நாள் முழுக்கக் கொடுத்து முடியுங்கள். வெள்ளம் ஏறிய கிணறு என்றால் குளோரின் போடப் பீ.எச்.ஐ.யிடம் சொல்லுங்கள்.

பாமசிக்காரரும் எங்கள் உறவுதான். துண்டில்லாமல் அன்டிபயோடிக் கேட்டு வருகிறவரிடம் இரண்டு பக்கட் ஜீவனி கொடுத்தனுப்பும்படி நேரில் கேட்கப் போகிறோம். வர விரும்புகிறவர்கள் இந்த வெள்ளி ஜும்ஆவுக்குப் பிறகு பள்ளிவாசல் முன்னால் நில்லுங்கள்.