பெயரைப் பார்த்து அழிக்காதீர்கள்

இந்த வார எபிசோடில் கிட் பற்றிப் பேசும்போது, நேரம் இல்லாமல் விட்டுப்போன விஷயம் இது.

ஆறு மாத காண்ட்ராக்டில் ஒரு டீமில் சேர்ந்தேன். முதல் வேலையே ரெப்போவில் குவிந்து கிடந்த பழைய பிராஞ்சுகளை க்ளீன் பண்ணுவது. நூற்றுக்கு மேல் இருந்தது. பட்டியலில் பெயரையும் தேதியையும் பார்த்தேன். ரெண்டு வருஷமா யாரும் தொடாததை எல்லாம் சர்வரிலிருந்து தூக்கிவிட்டேன். மூன்று வாரம் கழித்து மேனேஜர் அதில் ஒன்றைக் கேட்டார். எனக்கு முன்னால் இருந்த காண்ட்ராக்டர் பாதியில் விட்டுப்போன வரிக் கணக்கு மாற்றம் அது. வயிற்றைக் கலக்கிவிட்டது. நல்லவேளை, இன்னொருவர் லேப்டாப்பில் முன்பு ஃபெட்ச் செய்த காப்பி இருந்தது. அவர் ப்ரூன் செய்யாத சோம்பேறித்தனம்தான் என் காண்ட்ராக்டைக் காப்பாற்றியது.

அன்றிலிருந்து என் கட்சி இதுதான்: பட்டியலைப் பார்த்து அழிக்காதே, கிளைப்படத்தைப் பார்த்து முடிவெடு. ஒரு கிளை மெயினில் போய்ச் சேர்ந்ததா, தனியாகத் தொங்குகிறதா என்பது படத்தில் சட்டென்று தெரியும்.

புது டூல் எதுவும் வேண்டாம். பால் மெக்கராஸ் எழுதிய கிட்கே 2005லிருந்தே இருக்கிறது. முகம் பழசுதான், வேலை சுத்தம். ஆனால் சும்மா திறந்தால் நீங்கள் நிற்கும் பிராஞ்சின் வரலாறு மட்டுமே வரும். இரண்டு கோடு போட்டு 'ஆல்' என்று சேர்த்தால்தான் எல்லாக் கிளையும் தெரியும்.

"அதான் ரெஃப்லாக் இருக்கே?" என்பீர்கள். அது உங்கள் மெஷினில் நடந்ததை மட்டும்தான் குறித்து வைக்கும். நீங்கள் செக்அவுட்டே செய்யாத அடுத்தவர் பிராஞ்சுக்கு அது உதவாது. லோக்கலில் சின்ன 'டி' போட்டால், சேராத பிராஞ்சை அழிக்க கிட் மறுக்கும். சர்வரில் அழிக்கும்போது அந்தத் தடுப்பே கிடையாது.

ஸ்குவாஷ் செய்து சேர்க்கும் டீம்களில் படமும் போதாது. சேர்ந்த பிராஞ்சும் தொங்குவதாகவே தெரியும். அங்கே டிஃப் பாருங்கள், எழுதியவரைக் கேளுங்கள். சந்தேகமா? ஒரு டேக் போட்டு, அதையும் புஷ் பண்ணிவிட்டு அழியுங்கள்.

என்னை மாதிரி காண்ட்ராக்டர்களுக்கு ஒரு வார்த்தை: கிளம்பும் முன் உங்கள் பிராஞ்சுகளை நீங்களே ஒழுங்கு பண்ணிவிட்டுப் போங்கள். அடுத்து வருபவருக்கு அது வெறும் பெயர்தான்.