கடல் கடந்தார்கள், வேலி கடந்தார்களா?

"தமிழ் எங்கள் குருதியில் ஓடுகிறது!" மேடைதோறும் கேட்கும் முழக்கம் இது. கேட்கக் கேட்க இனிக்கும். கை தட்டத் தோன்றும். ஆனால், உண்மையா? குருதியில் மொழி ஓடுமானால் தாலாட்டு எதற்கு? பள்ளிக்கூடம் எதற்கு? பாடநூல் எதற்கு? குருதி தருவது நிறத்தை, முகச் சாயலை, சில வேளை நோயை. மொழியைத் தருவது வீடு, வீதி, பள்ளி. இந்த இரண்டையும் ஒன்றெனக் குழப்பிக் கொண்டதால் விளைந்த கேட்டினைத்தான் இன்று எடுத்துக்காட்ட விரும்புகிறோம்.

கானாடுகாத்தானுக்குப் பக்கத்து ஊர் கொத்தமங்கலம். நகரத்தார் ஊர்களிலே ஒன்று. செட்டிநாட்டு வீடுகளிலே பர்மாத் தேக்குத் தூண்களைக் கண்டு பலர் வியப்பார்கள். நாம் வியப்பது, அந்தத் தேக்கைத் தேடிச் சென்றவர்களின் துணிவைக் கண்டு! கடல் தாண்டினால் தீட்டு என்று சாத்திரம் பேசியோர் கரையிலே நின்றபோது, "கொண்டுவிக்கப் போகிறேன்" என்று மூட்டை கட்டியவர்கள் இவர்கள். பெட்டியடிப் பையனாகக் கப்பலேறி, அடுத்தாளாகி, மேலாளாக உயர்ந்தவர்கள். கொழும்பு, பினாங்கு, சிங்கப்பூர், சைகோன் என எங்கும் அவர்கள் கிட்டங்கி! பர்மாவில் மட்டும் 1930-ஐ ஒட்டி ஆயிரத்து அறுநூறுக்கு மேற்பட்ட கடைகள். கணக்கு தமிழில்; எண்ணும் தமிழ் எண். திண்ணைப் பள்ளியிலே எண்சுவடி ஓதிய பிள்ளை, இரங்கூனிலும் தமிழிலேயே வட்டி கணக்கிட்டான். மூன்றாண்டுத் தவணை முடிந்ததும் ஊர் திரும்பினான். மனைவி ஊரில், மக்கள் ஊரில், எனவே அவர்கள் வீட்டுத் தமிழும் ஊரிலே பத்திரமாக இருந்தது.

போன இடத்திலேயே தங்கியவர்கள் கதை என்ன? மலாக்காவிலே "செட்டிகள்" என்றொரு சிறு கூட்டம் உண்டு. நகரத்தார் அல்லர், சுல்தான்கள் ஆண்ட காலத்திலேயே சென்ற தமிழ் வணிகரின் வழித்தோன்றல்கள். அந்நாட்டுப் பெண்களை மணந்தார்கள், குருதி கலந்தது. 1781-இல் கட்டிய பொய்யாத விநாயகர் கோயில் இன்றும் இருக்கிறது, பொங்கல் இருக்கிறது. பேசும் மொழி மட்டும் மலாய்!

"பார்த்தீர்களா? குருதி கலந்தது, மொழி போயிற்று" என்பார் சிலர். பொறுங்கள்! சென்னையிலிருந்து புறப்பட்ட 'துரூரோ' கப்பல் 1860 நவம்பரில் நேட்டாலில் கரும்புத் தோட்டக் கூலிகளை இறக்கியது. அவர்கள் வழிவந்த தமிழர்கள் பெரும்பாலும் தமக்குள்ளேயே மணந்தார்கள். காவடி எடுக்கிறார்கள், கோவிந்தன் என்றும் பிள்ளை என்றும் பெயர் தாங்குகிறார்கள். வீட்டிலே பேசுவதோ ஆங்கிலம்! குருதி கலந்த இடத்திலும் மொழி போயிற்று. கலக்காத இடத்திலும் போயிற்று. எனில் மொழியைக் காத்தது எது?

மலேசியாவைப் பாருங்கள். 1816-இல் பினாங்கிலே தொடங்கிய தமிழ் வகுப்பு. பத்துப் பிள்ளைகள் இருந்தால் தோட்டத்திலே பள்ளி வைக்க வேண்டும் என்ற 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம். இன்று ஐந்நூறுக்கு மேற்பட்ட தமிழ்ப் பள்ளிகள். சிங்கப்பூரைப் பாருங்கள். 1935-இல் 'தமிழ் முரசு' தொடங்கிய கோ. சாரங்கபாணி போன்றோர் பாடுபட்ட அந்நாட்டில், தமிழ் ஆட்சிமொழி; பள்ளியிலே பாடம். கரும்பலகை இருந்த இடத்திலே தமிழ் இருக்கிறது!

இனிக் குருதியின் கதைக்கு வருவோம். ஐதராபாத் உயிரணு மூலக்கூறு உயிரியல் மையத்தின் குமாரசாமி தங்கராஜும், ஆர்வர்டு டேவிட் ரைக்கும், அவர்தம் குழுவினரும் மரபணுக்களை ஆராய்ந்தார்கள். இந்நாட்டு மக்கள் ஏறத்தாழ அனைவருமே கலந்த மரபினர் என்றது 2009-ஆம் ஆண்டு ஆய்வு. தூய குருதி என்று மார்தட்ட எவருக்கும் உரிமை இல்லை, நமக்கும் இல்லை! 4,200 ஆண்டு முதல் 1,900 ஆண்டுவரை முன்னே கலப்பு நடந்தது. பிறகு தத்தம் கூட்டத்துக்குள்ளேயே மணக்கும் வழக்கம் வந்து கதவடைத்தது என்றது 2013-ஆம் ஆண்டு ஆய்வு. கதவடைத்ததன் விளைவு? 2017-இல் 260-க்கு மேற்பட்ட கூட்டங்களை ஆராய்ந்தபோது, 81 கூட்டங்களில், பின்லாந்து மக்களையும் ஐரோப்பிய யூதரையும் விட மிகுதியான மரபணு நெருக்கம்! ஒரு சிலரே முன்னோர். அவர்களுள் ஒருவரிடம் மறைந்திருந்த குறை, தாய்வழியும் தந்தைவழியும் வந்து ஒரே பிள்ளையிடம் சேர்ந்தால் நோயாகிறது. குற்றம் பிள்ளையுடையதா? இல்லை, வேலியுடையது!

நகரத்தாருக்குக் கோயில்கள் ஒன்பது. ஒரே கோயிற் பிரிவுப் பங்காளிகளுக்குள் மணம் இல்லை. அறிவான ஏற்பாடு, பாராட்டுகிறோம். ஆனால் ஒன்பதையும் சுற்றி நிற்பது ஒரே வேலிதானே? அவர்களை மட்டும் சொல்லவில்லை. முதலியார் தெருவிலும், தேவர் தெருவிலும், சேரியை ஒதுக்கிய ஒவ்வோர் ஊரிலும் அதே வேலி. அத்தை மகள், அக்காள் மகள் என்று அதற்குள்ளும் வட்டத்தைச் சுருக்கிக் கொள்கிறோம். சைகோனுக்கு வழி தெரிந்த நமக்கு அடுத்த தெருவுக்கு வழி தெரியவில்லை!

விந்தையைப் பாருங்கள். கலந்தால் வளர்வது குருதி. அதற்குக் காவல் போட்டோம். கற்பித்தால்தான் வாழ்வது மொழி. அதைக் காவலின்றி விட்டோம். பேரனுக்குப் பெண் பார்க்கும்போது சாதியைத் துருவித் துருவிக் கேட்பவர், அவனுக்குத் தமிழ் எழுத வருமா என்று கேட்டதுண்டா?

ஆகவே சொல்கிறோம். அயல்நாட்டில் வாழும் பெற்றோரே, வாரத்தில் இரண்டு மணி நேரம் பிள்ளையைத் தமிழ் வகுப்புக்கு அனுப்புங்கள். 2001-இல் தொடங்கிய தமிழ் இணையக் கல்விக்கழகம் வீட்டுக்கே பாடம் தருகிறது. செட்டிநாட்டில் பூட்டிக் கிடக்கும் மாளிகைகளின் உரிமையாளரே, கோடை விடுமுறையில் ஒரு கூடத்தைத் தமிழ் வகுப்புக்குத் திறந்து விடுங்கள். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் இங்கே கல் சுமக்க வந்தவரின் குழந்தைக்கும் 'அ' எழுதக் கற்பியுங்கள். நேற்று இரங்கூனுக்கு நாம் போனோம். இன்று நம்மிடம் அவர்கள் வருகிறார்கள். தமிழ் கற்க எந்தக் குருதியும் தகுதிச் சீட்டு அல்ல! சாதி தாண்டி மணக்கத் துணியும் இளைஞரை, அரிவாள் கொண்டல்ல, ஆரத்தி கொண்டு வரவேற்போம்.

மணத்துக்கு வேலி வேண்டாம். மொழிக்குப் பள்ளி வேண்டும். இரண்டையும் செய்யும் தலைமுறையே தமிழை வாழ்விக்கும், தானும் வாழும்!