'என்று நினைத்தாள்' எதற்கு?

ஆங்கில நாவல்களின் தமிழாக்கங்களைப் பீடித்திருக்கும் நோய் ஒன்றுண்டு: 'என்று நினைத்தாள்'. மூலத்தில் அது இல்லாத இடத்திலும் மொழிபெயர்ப்பாளர் கொண்டுவந்து ஒட்டுகிறார். கேட்டால், வாசகர் குழம்பக்கூடாதாம்.

ஐயா, அந்தக் குழப்பத்தில்தான் நாவலே இருக்கிறது! ஜேன் ஆஸ்டின் 1815இல் வெளியிட்ட 'எம்மா'வைப் பாருங்கள். எல்டன் ஹாரியட்டை விரும்புகிறார் என்பது எம்மாவின் கற்பனை. பல இடங்களில் அது 'நினைத்தாள்' என்ற முத்திரையின்றி, படர்க்கையில், இறந்தகாலத்தில், கதைசொல்லியின் கூற்றைப் போலவே வருகிறது. முதல் வாசிப்பில் நம்பிவிடுகிறோம். எல்டன் எம்மாவிடமே காதலைச் சொல்லும்போது அவளோடு நாமும் ஏமாறுகிறோம். 'நினைத்தாள்' என்று ஒட்டினால் வாசகர் முன்பே விழித்துக்கொள்வார். 'உணர்ந்தாள்' இன்னும் மோசம். அது பொய்யான கற்பனைக்குக் கதைசொல்லியின் சான்றிதழையே வழங்கிவிடும்.

'என்று' இல்லாமல் தமிழ் நிற்காது என்பது சோம்பலின் வாதம். 'எல்டனுக்கு ஹாரியட்டின் மேல்தான் கண், இதிலென்ன ஐயம்?' இது யாருடைய குரல் என்று எவரேனும் சொல்லித்தர வேண்டுமா? ஏகார ஓகாரங்களின் பொருள் நுட்பங்களைத் தொல்காப்பியர் இடையியலிலேயே வகுத்துவிட்டார். ஓர் இடைச்சொல்லில் மனத்தைக் காட்டவல்ல மொழி இது. குறை தமிழில் இல்லை. வாசகரை நம்பாத மொழிபெயர்ப்பாளரிடம் இருக்கிறது.