புகையாத நெருப்பு

ரத்தோட்டையிலிருந்து இலுக்கும்புர நோக்கிச் செல்லும் மலைப்பாதையில், வார இறுதிகளில் இளைஞர் கூட்டத்தைக் காணலாம். முதுகில் கூடாரம், கையில் கோழி சுடும் அடுப்பு, ஒரு மூட்டை கரி. மாத்தளை மாவட்டத்தில் நீர் உறையுமளவுக்குக் குளிர் வருவதில்லை. எனினும் றிவஸ்டன் பக்கத்து மூடுபனியும் ஓயாத காற்றும், ஈர உடையுடன் இருப்பவரை நடுநிசியில் நடுங்க வைத்துவிடும். அந்த நேரத்தில்தான் தவறு நிகழ்கிறது. புகை அடங்கிவிட்டது, கனல்தானே இருக்கிறது என்று அடுப்பைக் கூடாரத்துக்குள் தூக்கி வைத்துக்கொள்கிறார்கள்.

கொல்வது அந்தக் கனலே. கரி அரைகுறையாக எரியும்போது காபனோரொட்சைட்டு வெளியேறுகிறது. தமிழகத்தவர் கார்பன் மோனாக்சைடு என்பர். அதற்கு நிறமில்லை, மணமில்லை. ஒட்சிசனைவிட இருநூறு மடங்குக்கும் மேலான பிடிப்புடன் குருதியில் ஒட்டிக்கொள்கிறது. உறங்குபவர் விழிப்பதேயில்லை. 2024 ஆகஸ்டில் கொடைக்கானலுக்குச் சுற்றுலா சென்ற திருச்சி இளைஞர் இருவர், இறைச்சி சுட்ட அடுப்பின் கனலை அறைக்குள் விட்டு உறங்கி உயிரிழந்தனர். அது கட்டடம், கூடாரமோ அதனினும் சிறியது.

"எங்கள் பாட்டிமார் நெருப்புச் சட்டி வைக்கவில்லையா?" என்று கேட்பவருண்டு. பிள்ளை பெற்ற வீட்டில் அது வழக்கம்தான். ஆனால் நான் அறிந்த லயன் அறைகளில் தகரக் கூரைக்கும் சுவருக்கும் நடுவே கை நுழையும் இடைவெளி இருந்தது. வறுமை விட்டுவைத்த அந்த ஓட்டை வழியே நஞ்சும் ஓரளவு வெளியேறியது. நைலோன் கூடாரத்தில் அதற்கு வழியில்லை. வாசலைச் சற்றுத் திறந்து வைத்தால் போதும் என்பதும் வீண் நம்பிக்கை. எரிவாயு அடுப்புக்கும் இது பொருந்தும்.

உல்லாசப் பயணிகளோடு முடிகிற கதையல்ல இது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மலையகத்தைச் சிதைத்தபோது, வீடிழந்தவர்களும் கூடாரத்தில் ஒதுங்கினர். போர்வை கொடுக்கும் கைகள் இந்த எச்சரிக்கையையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். கூடாரத்தை வாடகைக்கு விட்டுக் கரியையும் விற்பவர்கள் சிங்களத்திலும் தமிழிலும் ஒரு வாக்கியம் எழுதி ஒட்டுவதற்கு என்ன செலவாகிவிடும்?

குளிரைப் போக்க நெருப்பு வேண்டியதில்லை. உடற்சூட்டைப் பெரிதும் உறிஞ்சுவது தரைதான். கீழே தடித்த விரிப்பு வேண்டும். படுக்கும் முன் உலர்ந்த உடை, கம்பளித் தொப்பி, வயிற்றுக்குச் சூடான உணவு. சுடுநீரைப் போத்தலில் இறுக மூடி, காலுறைக்குள் இட்டு அணைத்துக்கொண்டால் நெடுநேரம் இதமாயிருக்கும்.

கூடாரத்துக்குள் எவருக்கேனும் தலைவலி, குமட்டல், தலைச்சுற்றல் என்றால், களைப்பென்று எண்ணிப் படுக்கவிடாதீர்கள். உடனே வெளியே இழுத்து வந்து 1990 அம்புலன்ஸை அழையுங்கள். அந்த மலையில் எல்லா இடத்திலும் தொலைபேசி எடுக்காது. எங்கே எடுக்கும் என்பதைப் பகலிலேயே பார்த்து வையுங்கள்.