டாக்டர் பாப் - 15 வருஷம், 5000 பேர்

ரொம்ப நாளா இவரைப் பத்தி எழுதணும்னு நினைச்சுக்கிட்டே இருந்தேன். கொஞ்சம் நீளமான பதிவு, பொறுத்துக்குங்க மக்களே.

குடியை விடறதுன்னு பேச்சு வந்தாலே நம்ம ஊரில் எல்லோர் வாயிலும் வருவது 'மன உறுதி'. "மனசு வச்சா முடியாதா என்ன?" என்பார்கள். அவன் விடவில்லையா, அப்ப அவனுக்கு மனசில்லை, பெண்டாட்டி பிள்ளை மேல் பாசமில்லை. அவ்வளவுதான், தீர்ப்பு எழுதியாச்சு. எனக்கு இந்த வாதத்தில் துளிகூட உடன்பாடு இல்லை. ஏன்னு கேட்டால் டாக்டர் பாப்பைத்தான் காட்டுவேன்.

முழுப்பெயர் ராபர்ட் ஹால்ப்ரூக் ஸ்மித். 1879-ல் அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் பிறந்தவர். ஒஹையோ மாநிலத்தில், டயர் கம்பெனிகளால் வளர்ந்த ஆக்ரன் என்ற ஊரில் அறுவை சிகிச்சை நிபுணர். ஆன் என்ற பெண்ணைப் பல வருஷம் காத்திருந்து 1915-ல் கல்யாணம் செய்துகொண்டார். ஒரு மகன், ஒரு வளர்ப்பு மகள். பின்னாளில் பில் வில்சனோடு சேர்ந்து 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்' அமைப்பைத் தொடங்கியவர். சுருக்கமாக ஏ.ஏ.

இந்த மனுஷனுக்கு மன உறுதி இல்லையா? தன் குடிவாழ்க்கையை அவரே எழுதி வைத்திருக்கிறார். அவருக்கு இரண்டு பயம். ஒன்று, தூக்கம் வராதோ என்ற பயம். இன்னொன்று, சரக்கு தீர்ந்துவிடுமோ என்ற பயம். தூங்க சரக்கு வேண்டும், சரக்குக்குக் காசு வேண்டும், காசுக்கு வேலை பார்க்க வேண்டும், வேலை பார்க்க கை நடுங்கக்கூடாது. அதனால் காலையில் உடம்பு கெஞ்சினாலும் குடிக்காமல், மாத்திரையைப் போட்டு நடுக்கத்தை அடக்கிக்கொண்டு, வேலை முடியும் வரை பல்லைக் கடித்துக்கொண்டு இருப்பார். சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் ஆரம்பித்துவிடுவார். வருஷக்கணக்கில் இப்படி ஓட்டியிருக்கிறார். நம்மில் எத்தனை பேருக்கு அந்த உறுதி இருக்கு சொல்லுங்க? உறுதி இருந்தது. அது போன திசைதான் வேறு.

மனைவி பாட்டிலைத் தேடுவார், இவர் ஒளித்து வைப்பார். நிலக்கரித் தொட்டியில், கதவு நிலைக்கு மேலே, காலுறைக்குள்ளே என்று இடம் மாற்றிக்கொண்டே இருப்பார். நம்ம வீடுகளில் அரிசிப் பானையும் பைக் பெட்டியும். ஊர்தான் வேறு, வேலை ஒன்று.

சரி, அரசாங்கம் கடையை மூடினால்? அதையும் பார்த்தவர் இவர். 1920-ல் அமெரிக்கா முழுக்க மதுவிலக்கு வந்தது. இனிமேல் கிடைக்காது, நாம் பிழைத்தோம் என்றுதான் இவரும் நினைத்தார். ஆனால் மருத்துவக் காரணத்துக்காக டாக்டர்கள் சாராயம் எழுதித் தரலாம் என்று சட்டத்தில் இடம் இருந்தது. இவரோ டாக்டர்! டெலிபோன் டைரக்டரியைத் திறந்து, கண்ணில் படும் பெயருக்கு ஒரு சீட்டு எழுதி விஸ்கி வாங்கிக் குடித்திருக்கிறார்.

மதுவிலக்கே வேண்டாம் என்று நான் சொல்லவரவில்லை. தமிழ்நாட்டில் 2003-லிருந்து சில்லறை விற்பனையை டாஸ்மாக் நடத்துகிறது. கடைகள் குறைந்தால் புதிதாகக் குடிக்க ஆரம்பிக்கும் பையன்கள் குறையலாம், நல்லதுதான். ஆனால் ஏற்கெனவே மாட்டிக்கொண்டவனைக் கடைப் பூட்டு மட்டும் காப்பாற்றாது. நம்ம விவாதம் எல்லாம் கடையைச் சுற்றியே நடக்குது, ஆளைப் பத்தி யாருமே பேசறதில்லை.

பக்தி? அதையும் முயன்றார். ஆக்ஸ்ஃபோர்டு குரூப் என்ற கிறிஸ்தவக் குழுவுக்கு இரண்டு வருஷத்துக்கும் மேலாகப் போனார். படித்தார், ஜெபித்தார். ராத்திரி வழக்கம்போலக் குடித்தார்.

அப்புறம் எதுதான் மாற்றியது? 1935 மே மாதம், அன்னையர் தினம். நியூயார்க்கிலிருந்து வியாபார விஷயமாக ஆக்ரன் வந்து தோற்றுப்போயிருந்த பில் வில்சன், குடியை விட்டு ஐந்து மாசம்தான் ஆகியிருந்தது. ஓட்டலில் தனியாக நிற்கிறார். பக்கத்தில் பார். உள்ளே போய்விடுவோமோ என்ற பயம். இன்னொரு குடிகாரனோடு பேசினால்தான் தப்பிப்பேன் என்று போன் மேல் போன் போட்டு, கடைசியில் டாக்டர் பாப்பைப் பிடிக்கிறார். பதினைந்து நிமிஷம்தான் என்ற கண்டிஷனோடு வந்த டாக்டர், சாயங்காலம் ஐந்து மணிக்கு உட்கார்ந்தவர், எழுந்தபோது ராத்திரி பதினொன்றேகால்.

இதில் கவனிக்க வேண்டியது, பில் அங்கே புத்தி சொல்லப் போகவில்லை. தன்னைக் காப்பாற்றிக்கொள்ளப் போனார். அதுவரை பாப்புக்குப் புத்தி சொன்னவர்கள் எல்லோரும் மேலே நின்று பேசினார்கள். இவர் ஒருத்தர்தான் பக்கத்தில் உட்கார்ந்து தன் கதையைச் சொன்னார்.

அதோடு 'சுபம்' போட்டுவிட முடியாது :-) அடுத்த மாசமே ஒரு மருத்துவ மாநாட்டுக்குப் போனவர், ரயிலிலேயே ஆரம்பித்து நினைவு தப்பும் வரை குடித்துவிட்டுத் திரும்பினார். ஜூன் 10 காலை ஆபரேஷன் ஒன்று செய்தாக வேண்டும். நடுக்கம் நிற்க பில் ஒரு பீர் கொடுத்தார். அதுதான் கடைசி. (இதைப் பார்த்து யாரும் வீட்டில் முயற்சி செய்ய வேண்டாம். ரொம்பக் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம், உயிருக்கே ஆபத்து. இன்று அதற்கு மருந்து இருக்கிறது, டாக்டரிடம் கூட்டிப் போங்கள்.) ஆபரேஷன் முடிந்ததும் அவர் வீட்டுக்குப் போகவில்லை. தன்னால் கஷ்டப்பட்டவர்களைத் தேடித் தேடிப் போய்ப் பேசிவிட்டு வந்தார். அந்தத் தேதியைத்தான் ஏ.ஏ. தன் பிறந்தநாளாக வைத்திருக்கிறது.

அன்றிலிருந்து 1950 நவம்பரில் இறக்கும் வரை பதினைந்து வருஷம் ஒரு சொட்டு தொடவில்லை. ஆசை போய்விட்டதா என்றால், இல்லை. முதல் இரண்டரை வருஷம் அந்த ஏக்கம் தன்னை விடவே இல்லை என்று அவரே ஒப்புக்கொள்கிறார். ஏங்கிக்கொண்டேதான் அடுத்தவனைப் பார்க்கப் போனார். கடமை, சந்தோஷம், தனக்குக் கிடைத்ததற்கான கடன், திரும்ப வழுக்காமல் இருக்க ஒரு காப்பீடு என்று அதற்கு நான்கு காரணம் சொன்னார். கடைசிக் காரணத்தை மறைக்காமல் சொன்னதில்தான் எனக்கு அவர் மேல் மரியாதை.

அந்தக் காலத்தில் பல ஆஸ்பத்திரிகளில் குடிகாரர்களைச் சேர்க்கவே மாட்டார்கள். 1939-ல் ஆக்ரனின் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில், இக்னேஷியா என்ற கன்னியாஸ்திரீ 'வயிற்று அழற்சி' என்று பதிவேட்டில் எழுதி ஒருவரைச் சேர்த்தார். நோயாளிகளுக்கு வரும் பூக்களை அடுக்கும் சின்ன அறைதான் கிடைத்தது. அங்கே ஆரம்பித்து இருவருமாக ஆயிரக்கணக்கானவர்களைக் கவனித்தார்கள். டாக்டர் பாப் காசு வாங்காமல் பார்த்தவர்கள் 5000 பேருக்கு மேல் என்று ஏ.ஏ. சொல்கிறது.

வீட்டைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் பாவம். ஆரம்ப காலத்தில் குடிகாரர்களை வீட்டிலேயே தங்கவைத்தார்கள். காபி போட்டதும், சமைத்ததும், வந்தவன் மனைவிக்கு ஆறுதல் சொன்னதும் ஆன் அம்மா. ஒருத்தன் கத்தியோடு அவரைத் துரத்திய கதைகூட உண்டு. அவர் 1949-ல் இறந்தார். இதுமாதிரி மனைவிகளின் உழைப்பை நாம் 'பொறுமைசாலி' என்ற ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறோம். குடும்பத்தாருக்கென்று தனியாக அல்-அனான் என்ற அமைப்பு வந்ததே 1951-ல்தான்.

இருவருக்கும் பெரிய நினைவுச்சின்னம் கட்டலாம் என்று நண்பர்கள் கேட்டபோது, எல்லோரையும் போலப் புதைத்தால் போதும் என்றுவிட்டார். அவர் கல்லறையில் ஏ.ஏ. பற்றி ஒரு வார்த்தை கிடையாது.

என்னைக் கேட்டால், நாம் செய்ய வேண்டியது இதுதான். "மனசு வச்சா முடியும்" என்பதை முதலில் நிறுத்துவோம். டாக்டரைக் காட்டுவோம். அப்புறம், ஏற்கெனவே விட்ட ஒருத்தரைப் பக்கத்தில் உட்கார வைப்போம். சென்னையிலும் ஏ.ஏ. கூட்டங்கள் நடக்கின்றன, காசு கிடையாது, பெயரைக்கூட முழுதாகக் கேட்க மாட்டார்கள். முக்கியமாக, விட்டவரைக் கல்யாண வீட்டில் "இன்னைக்கு ஒரு நாள்தானே மச்சி" என்று இழுக்காமல் இருப்போம். அந்த ஒரு நாளைத்தான் அவர் எண்ணிக்கொண்டிருக்கிறார்.