தாளில் எழுதிய பொய்ச்சாட்சி

எட்டாம் கட்டளை பொய்ச்சாட்சியை விலக்குகின்றது. பொய்ச்சாட்சி என்றதும் நம் நினைவுக்கு வருவது நீதிமன்றக் கூண்டு. ஆனால் இந்நாளில் அது முத்திரையும் கையொப்பமும் தாங்கிய தாளாகி, கைப்பேசி வழியே நம் இல்லங்களுக்குள் நுழைந்துவிடுகின்றது. மருந்து விற்பனையில் உலவும் போலிப் பரிசோதனைச் சான்றிதழ்களைப் பற்றியே இம்மாதம் சிந்திக்க விழைகின்றோம்.

உடல் மெலியவும், மூட்டுவலி தீரவும், தசை பெருகவும் ‘பெப்டைட்’ ஊசிமருந்துகள் உண்டென்று இணையத்தில் விளம்பரங்கள் மலிந்துள்ளன. அமினோ அமிலங்கள் சங்கிலிபோல் கோத்து அமைந்த பொருளே பெப்டைட். நீரிழிவு நோயாளர் நன்கறிந்த இன்சுலினும் அவ்வகையே. எனவே தீமை பெயரில் இல்லை. மருத்துவர் சீட்டும் உரிமமும் முகவரியும் இன்றி விற்பதில்தான் இருக்கின்றது. செமாகுளுடைட் என்னும் நல்ல மருந்துக்கும் போலிகள் தோன்றின. ‘ஒசெம்பிக்’ என்ற பெயரில் அவை பிரேசில், பிரிட்டன், அமெரிக்கா ஆகிய நாடுகளில் 2023-இல் அகப்பட்டதை உலகச் சுகாதார நிறுவனம் 2024 ஜூனில் அறிவித்து எச்சரித்தது.

நம் மலை மக்கள் ஏமாளிகள் அல்லர். 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற கொடைக்கானல் மலைப்பூண்டோடு வேறு பூண்டைக் கலந்து விற்றால், பூம்பாறைப் பாட்டியார் முகர்ந்தே சொல்லிவிடுவார். ஆனால் சிறு குப்பியிலுள்ள வெண்பொடியை முகர்ந்து அறிய இயலாது. ஆகவே நாம் சான்றிதழை நம்புகின்றோம். ஆகவே வஞ்சகனும் சான்றிதழையே போலியாக்குகின்றான்.

மருந்தில் வஞ்சம் புகுந்தால் விளைவு யாது? காஞ்சிபுரம் மாவட்டம் சுங்குவார்சத்திரத்தில் ஸ்ரேசன் நிறுவனம் தயாரித்த ‘கோல்ட்ரிஃப்’ இருமல் மருந்தை அருந்திய இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள், 2025-இல் மத்தியப் பிரதேசத்தில் சிறுநீரகம் செயலிழந்து மாண்டனர். 0.1 விழுக்காட்டைத் தாண்டலாகாத டைஎத்திலீன் கிளைக்கால் என்னும் நஞ்சு அதில் 48.6 விழுக்காடு இருந்ததைத் தமிழக அரசின் ஆய்வு வெளிப்படுத்தியது. உண்மையைச் சொன்னது குப்பியின் மேல் ஒட்டிய சீட்டு அன்று. விற்பவனைச் சாராத ஆய்வகமே. உரிமம் பெற்ற தொழிற்சாலையிலேயே இது நேருமாயின், ஊரும் பேரும் அறியாதவன் அனுப்பும் ஊசியை எவ்வாறு நம்புவது?

ஆதலின் சாட்சியை விசாரித்தறிய வேண்டும். சான்றிதழிலுள்ள பேட்ச் எண்ணும் குப்பியிலுள்ள எண்ணும் ஒன்றா? ஆய்வகத்தின் பெயர், முகவரி, அறிக்கை எண் உள்ளனவா? உளவாயின், விற்பவன் தந்த தொலைபேசி எண்ணை விடுத்து, நாமே தேடிப் பெற்ற எண்ணில் அந்த ஆய்வகத்தையே கேட்க வேண்டும். ‘தூய்மை 99 விழுக்காடு’ என்ற சொல்லில் மயங்கலாகாது. அனுப்பிய மாதிரியைப் பற்றி மட்டுமே அது பேசும்; கிருமி உண்டா என்பதற்குத் தனிச் சோதனை வேண்டும். ‘ஆராய்ச்சிக்கு மட்டும்’ என்று சிற்றெழுத்தில் அச்சிட்டிருந்தால், மனிதருக்கு உரியதன்று என விற்பவனே ஒப்புக்கொண்டான் என்று அறிக.

இவையனைத்தும் பொருந்தினும் மருத்துவர் எழுதித் தராத ஊசியை ஏற்றலாகாது. செமாகுளுடைட், இன்சுலின் போன்றவற்றைப் பயன்படுத்தத் தொடங்கும்வரை 2 முதல் 8 டிகிரி குளிரில் காக்க வேண்டும். வத்தலக்குண்டிலிருந்து மலையேறி வரும் பார்சலில் அக்குளிரைக் காப்பவர் யார்? உரிமத்தைச் சுவரில் மாட்டி, ரசீது தந்து விற்கும் மருந்துக் கடையே நமக்குரிய இடம்.

மருத்துவரைக் காணச் சென்றால் ஒரு நாள் கூலி போகின்றது. உடற்பருமனைக் குறித்த கேலி இளையோரை வாட்டுகின்றது. இவ்வறுமையையும் வெட்கத்தையுமே வஞ்சகன் தன் முதலாக்குகின்றான். ஆகவே ஏமாந்த பிள்ளையைப் பெற்றோர் கடிந்துகொள்ளாது, ஊசி ஏற்றியிருந்தால் உடனே மருத்துவரிடம் அழைத்துச் செல்வாராக. குப்பியையும் உறையையும் பத்திரப்படுத்தி மருந்து ஆய்வாளரிடம் முறையிடுக; பணம் இழந்தோர் தாமதியாது 1930 என்ற எண்ணை அழைக்க.

இறுதியாக ஒன்று. அன்பியக் குழுவின் வாட்ஸ்அப்பில் இத்தகைய விளம்பரம் ஒன்றை விசாரியாமல் பகிர்பவர், தாம் அறியாத பொருளுக்குத் தம் நற்பெயரைப் பிணையாக வைக்கின்றார். அண்டை வீட்டார் அதை வாங்குவது தாளை நம்பியன்று, நம்மை நம்பியே. எட்டாம் கட்டளை நம் விரல் நுனிக்கும் உரியதென்பதை உணர்ந்து நடப்போமாக!