சம்பந்தி ஆனோம், சமபந்தி ஆகவில்லை

ஆகஸ்ட் 15 அன்று தமிழ்நாட்டுக் கோயில்களில் பொதுவிருந்து நடக்கும். அமைச்சர்களும் ஆட்சியர்களும் மக்களோடு வரிசையில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். மறுநாள் நாளிதழில் படம் வரும். ஆண்டுக்கு ஒருநாள் நடக்கும் இந்தச் சமபந்தியைக் கேலி செய்ய நமக்குத் தெரியும். வாரத்துக்கு ஒருநாள் நம் வீட்டில் நடக்கும் பந்தியைப் பற்றி மட்டும் பேச மாட்டோம்.

எங்களுடையது சாதி மறுப்புத் திருமணம். நான் தலித். இணையர் இடைநிலைச் சாதியில் பிறந்தவர். ஞாயிறு இரவு இரண்டு குடும்பமும் எங்கள் வீட்டில் சேர்ந்து சாப்பிடுவது என்று வைத்திருக்கிறோம். நல்ல ஏற்பாடு, அதை நான் விடப்போவதில்லை. வியாழக்கிழமையே குடும்ப வாட்ஸ்அப் குழுவில் "இந்த வாரம் என்ன செய்யலாம்?" என்று தொடங்கிவிடும். அமாவாசையா, கிருத்திகையா, சஷ்டியா என்று நாள்காட்டியைப் பார்ப்பார்கள். புரட்டாசி என்றால் ஒரு மாதமே போச்சு (கறிக்கடைக்காரர்தான் பாவம்). இதையெல்லாம் தாண்டி வரும் ஞாயிறுகளில் கோழி, ஆடு, மீன் எல்லாம் தாராளமாகப் பேசப்படும். மாட்டுக்கறி என்ற சொல்லை மட்டும் யாரும் எழுதுவதில்லை. யாரும் எதிர்ப்பதும் இல்லை. "எல்லாருக்கும் பொதுவா இருக்கிற மாதிரி பண்ணிடலாம்மா" என்பார் அத்தை.

இந்தப் "பொது"தான் எனக்கு இடிக்கிறது. என் அம்மா உப்புக்கண்டம் போடுவார். கொடியில் காயும் கறியைக் காக்கா கொத்தாமல் பார்த்துக்கொள்வது சின்ன வயதில் என் வேலை. அதே அம்மா இப்போது எங்கள் வீட்டு ஞாயிறு பந்திக்குக் கடையில் வாங்கிய மிக்சரும் வாழைப்பழமும் கொண்டுவருகிறார். பொட்டலம் பிரிக்காதது. தன் கை படாததைக் கொண்டுவந்தால் யாருக்கும் சங்கடம் இல்லை என்று அவராகவே கணக்குப் போட்டுக்கொண்டார். அவரிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. சொல்லாமலே நடந்துவிட்டது.

வ.வே.சு. ஐயர், காங்கிரஸ் பணமும் பொதுமக்கள் நன்கொடையும் வாங்கி நடத்திய சேரன்மாதேவி குருகுலத்தில், பார்ப்பன மாணவர் இருவருக்குத் தனிச் சாப்பாடு போட்டார். அவர்கள் பெற்றோருக்கு வாக்குக் கொடுத்துவிட்டேன் என்பது ஐயர் சொன்ன சமாதானம். பெரியாரும் வரதராஜுலு நாயுடுவும் அதை ஏற்கவில்லை. நூறு ஆண்டுகள் ஆகிவிட்டன. "பெரியவங்க மனசு நோகக் கூடாது" என்று நாம் இன்று சொல்வதற்கும் அந்தச் சமாதானத்துக்கும் எவ்வளவு தூரம்?

லாகூரில் பேச முடியாமல் போய், 1936-இல் அம்பேத்கர் தானே அச்சிட்டு வெளியிட்ட "சாதி ஒழிப்பு" உரையில், சேர்ந்து உண்பதால் மட்டும் சாதி சாகாது, கலப்பு மணமே உண்மையான மருந்து என்கிறார். எங்கள் வீட்டில் கதை தலைகீழ். மணம் முடிந்துவிட்டது, பந்திதான் பாக்கி. சாஸ்திரங்களின் புனிதத்தின் மீதுள்ள நம்பிக்கையைத் தகர்க்க வேண்டும் என்றும் அதே உரையில் சொல்கிறார். எங்கள் வீட்டில் யாரும் சாஸ்திரம் படித்தவர்கள் இல்லை. அவர்களுக்கு நாள்காட்டியின் பின்பக்கமே போதுமானதாக இருக்கிறது.

பிடிக்காதவர்களை வற்புறுத்தச் சொல்கிறாயா என்று தோழர்கள் கேட்கிறார்கள். இல்லை. அத்தைக்கு வேண்டாம் என்றால் அவர் தட்டில் வேறு இருக்கட்டும். மாமாவுக்கு நண்டு ஒத்துக்கொள்ளாது, அதற்காக நாங்கள் நண்டு வாங்காமல் இருந்ததில்லை. அவருக்கு முட்டைக் குழம்பு தனியாக வைப்போம், பேச்சு அத்தோடு முடிந்தது. நண்டுக்குக் கிடைக்கும் இந்தச் சாதாரணம் உப்புக்கண்டத்துக்கு ஏன் கிடைப்பதில்லை?

என் இணையர் பெரியாரைப் படித்தவர். மாட்டுக்கறியும் சாப்பிடுவார், கடையில், தோழர்களோடு. 2017-இல் சென்னை ஐஐடியில் மாட்டுக்கறி விருந்தில் கலந்துகொண்ட மாணவர் தாக்கப்பட்டபோது கொதித்துப்போய் முகநூலில் எழுதினார். குடும்பக் குழுவில் அத்தை "பொதுவா" என்றதும் ஒரு கட்டைவிரலைப் போட்டுவிட்டு நகர்ந்துவிடுவார். இவர் ஒருவர் மட்டும் இப்படி இல்லை. தெருவில் இருக்கும் துணிச்சல் சொந்த அடுப்படிக்கு வருவதற்குள் காணாமல் போய்விடுகிற தோழர்கள் நிறைய. அந்த அடுப்படியில் நிற்பது பெரும்பாலும் நாங்கள்தான் என்பதால், நீங்கள் எங்கே நழுவுகிறீர்கள் என்பது எங்களுக்கு நன்றாகத் தெரியும்.

போன வாரம் குழுவில் ஒரு ஏற்பாட்டைப் போட்டேன். வாரம் ஒருவர் முறை. யார் முறையோ அவரே சமைப்பது, என்ன சமையல் என்பதும் அவர் விருப்பம். ஆண்களுக்கும் முறை உண்டு. அத்தையே முதலில் சரி என்றார், அதைச் சொல்லியாக வேண்டும். மூன்றாவது வாரம் அம்மாவுடையது. அவர் இரண்டு நாள் யோசித்துவிட்டு, சாம்பார் வைக்கிறேன் என்று எழுதியிருக்கிறார். "ஏன் அத்தை, உப்புக்கண்டம் இல்லையா?" என்று இன்னும் யாரும் கேட்கவில்லை. நான் கேட்கப் போவதில்லை. என் இணையர்தான் கேட்க வேண்டும். அம்மாவுக்குத் தனியாக போன் போட்டு இல்லை, அதே குழுவில், எல்லாரும் பார்க்க.